சம்பந்திக்குப் போட்ட பென்சிலின்

எங்கள் மயிலாப்பூர் நர்சிங் ஹோமுக்கு வயதாகிவிட்டதாம், அதைக் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று இப்போதைய நர்ஸ் பெண்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து சொன்னார்கள். பழைய ஆட்களில் மிச்சம் நான் ஒருத்திதான் என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பெண்கள்.

ஒரு பக்கம் எனக்குப் போதாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். நான் படித்தது சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், கை மெதுவாகத்தான் போகும். போகட்டும். வேலையில் இருந்த காலத்திலேயே என்னை யாரும் அவசரப்படுத்தியதில்லை, இப்போதா படுத்தப் போகிறார்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் ஆயா என்றார்கள். அதற்குள் ஒருத்தி தும்மினாள். கைப்பையைத் திறந்து, பட்டையில் இருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துத் தண்ணீர் கேட்டாள். என்ன மாத்திரை என்றேன். ஏதோ ஒரு 'சிலின்' பேர் சொன்னாள். ஜலதோஷத்துக்கா என்றேன். ஒன்று போட்டால் நின்றுவிடும் என்றாள். தண்ணீர் கொடுத்தேன். எதைப் பற்றி எழுதுவது என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வருஷம் பெட்பேன் கழுவினேன். இரண்டாவது வருஷமும் பெட்பேன் கழுவினேன், ஆனால் முகம் சுளிக்காமல். அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஊசிகளை என் பொறுப்பில் விட்டார்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கழுத்தில் ஒரே ஒரு மெல்லிய சங்கிலி. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரலுக்குப் பதிலாக மரியாதை உயரும். "சவரி, இங்க வா" என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "சவரியம்மாள், கொஞ்சம் வருகிறீர்களா?" என்றால் எதையோ உடைத்திருக்கிறேன். ஒரு தடவை எலெக்ட்ரிக் வேலைக்கு வந்தவனிடம் "தாங்கள்" என்று ஆரம்பித்தார். அவன் ஏணியை விட்டு இறங்கி, போட்டிருந்த கம்பி எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து போட்டான்.

ஊசி என்றால் இப்போது உறையைக் கிழித்து எடுத்து, குத்திவிட்டுத் தூர எறிவது. அப்போது அப்படி இல்லை. கண்ணாடிக் குழாய் வேறு, அதற்குள் போகும் தண்டு வேறு, ஊசி வேறு. மூன்றையும் பிரித்து, கண்ணாடியைத் துணியில் சுற்றி, பச்சைத் தண்ணீரில் வைத்த பிறகுதான் அடுப்பை ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் நேரே போட்டால் படீரென்று விரிசல் விட்டுவிடும். ஊசி முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு மாட்டிக்கொண்டு கூடவே வந்தால் முனை வளைந்திருக்கிறது, கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்ட வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் அதனதன் தண்டுதான் பொருந்தும். ஜோடி மாற்றிப் போட்டால் மருந்து பின்பக்கம் கசியும். அப்படி ஒரு நாள் கசிந்தபோது டாக்டரம்மா குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சவரியம்மாள், இந்தக் கல்யாணத்தை யார் பண்ணி வைத்தது?" என்று கேட்டார். அப்புறம் என் ஆயுசில் ஜோடி மாறியதில்லை.

இனி பென்சிலினுக்கு வருகிறேன்.

இரண்டாவது உலக யுத்தச் சண்டை முடிந்த சமயம் அது. அதுவரை எங்களிடம் இருந்தது சல்ஃபா மாத்திரை. நல்ல மாத்திரைதான். கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் அவரவர் வழக்கப்படி பாதிரியாரையோ சாஸ்திரிகளையோ கூப்பிட வேண்டியதுதான். பென்சிலின் பட்டாளத்துக்கென்று வந்த மருந்து, கடையில் கிடைக்காது. கிடைக்காத பொருளுக்கு மயிலாப்பூரில் என்றைக்குமே மதிப்பு ஜாஸ்தி. முழங்கால் வலிக்குக் கேட்டார்கள், சர்க்கரை வியாதிக்குக் கேட்டார்கள், பரீட்சையில் தேறாத பையனுக்குப் போட்டால் மூளை தெளியுமா என்று ஒரு தகப்பனார் கேட்டார். டாக்டரம்மா எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: சீழ் வைத்த புண்ணுக்குக் கேட்கும், நிமோனியாவுக்குக் கேட்கும், பிரசவ ஜன்னிக்குக் கேட்கும்; டைபாய்டுக்குக் கேட்காது, மலேரியாவுக்குக் கேட்காது, ஜலதோஷத்துக்குக் கேட்கவே கேட்காது. வந்தவர்கள் முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோமளாவைக் கொண்டுவந்தார்கள்.

கோமளா, லஸ் பக்கம் ஒரு பெரிய வக்கீலுடைய பெண். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் வடக்கே எங்கேயோ உத்தியோகம், மாமனார் மாமியார் கும்பகோணம். பிரசவம் வீட்டிலேயே நடந்தது, வழக்கமாக வரும் மருத்துவச்சியின் கையால். ஆண் குழந்தை. எல்லாரும் சர்க்கரை கொடுத்து முடித்த பிறகு அவளுக்குக் குளிர் கண்டது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தபோது கண் மேலே செருகியிருந்தது. அடி வயிற்றில் கை வைக்க விடவில்லை. போட்டிருந்த துணியின் நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. பிரசவ ஜன்னி. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். அதோடு வந்தவர்களில் நடந்து வீட்டுக்குப் போனவர்கள் குறைச்சல்.

சல்ஃபா கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. வக்கீலைக் கூப்பிட்டு பென்சிலின் கிடைத்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. வக்கீலுக்கு மைத்துனர் ஒருவர் பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்தார். எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, வக்கீலிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. மறு நாளைக்கு மறு நாள் பனிக்கட்டி போட்ட பெட்டியில் சின்னச் சின்னக் குப்பிகள் வந்துவிட்டன. உள்ளே மஞ்சள் பொடி. வாயில் ரப்பர் மூடி. மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ச்சி இறக்கிய தண்ணீரை ஊசியாலேயே உள்ளே விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். லேசாகப் பூசணம் வாடை அடிக்கும். கரைத்ததை ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வைத்தால் வீரியம் போய்விடும். ஐஸ் வண்டிக்காரனிடம் மரத்தூளை உதறிவிட்டு ஐஸ் வாங்கி அடைப்பது என் வேலை.

வாடை கோமளாவின் அம்மா, வக்கீல் மாமிக்கும் எட்டிவிட்டது. அது எதிலிருந்து பண்ணுகிற மருந்து, மாமிசம் கீமிசம் சேர்ந்ததா என்று கேட்டாள். பூசணத்திலிருந்து என்றார் டாக்டரம்மா. ஊறுகாய் ஜாடியில் பூக்குமே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை.

மாமி மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "ஊறுகாய்ல பூத்தா ஜாடியோட கொட்டிடுவோமே."

"கொட்டினதை எல்லாம் இனிமே எனக்கு அனுப்புங்க" என்றார் டாக்டரம்மா.

பூசணம் என்றால் சைவம்தான் என்று மாமி சமாதானமாகிவிட்டாள்.

வக்கீலுக்கு வேறு கவலை. ஊசி மூன்று மணிக்கு ஒருதரம், இரவு பகல் கிடையாது. அப்படி வரும்போது ஏதாவது ஒன்று ராகு காலத்தில் விழத்தான் செய்யும். அதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று, கோர்ட்டில் வாய்தா கேட்பதுபோல் கேட்டார். டாக்டரம்மா மருந்தை ஏற்றிக்கொண்டே, ராகு காலத்தில் உங்கள் பெண் மூச்சு விடலாமா என்று கேட்டார்.

"விடலாம். அது ஏற்கெனவே ஆரம்பிச்ச காரியம்தானே. புதுசா ஆரம்பிக்கறதுக்குத்தான் தோஷம்."

"ஊசியும் நேத்தே ஆரம்பிச்ச காரியம்தான். திரும்பிப் படு கோமளா."

வக்கீலுக்கு அந்த வாதம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆரம்பித்தாகிவிட்டால் நடுவில் நிறுத்துவதுதான் தப்பு என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இதை அவர் எங்கே கொண்டுபோய் உபயோகித்தார் என்று பின்னால் வரும்.

காய்ச்சல் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் முனகல் நின்றது. அதற்கடுத்த காலையில் நான் துணி மாற்றப் போனபோது கோமளா கண்ணைத் திறந்து, "ஆயா, காபி வாசனை வரதே, யாருக்கு?" என்றாள். எனக்கு வைத்திருந்த காபி. ஊற்றிக் கொடுத்தேன். என் தம்ளரில் அவள் குடித்தாள் என்பது அந்த வீட்டில் இன்று வரை யாருக்கும் தெரியாது.

இனிமேல்தான் வம்பு. குழந்தை பிறந்த பதினோராம் நாள் அவர்கள் வீடுகளில் புண்ணியாசனம். தீட்டுக் கழித்து, தாய்க்குத் தலைக்குத் தண்ணீர் விட்டு, ஹோமம் வளர்த்துக் குழந்தைக்குப் பேர் வைப்பார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் மாப்பிள்ளை வீட்டார் வந்தாக வேண்டும். கும்பகோணத்திலிருந்து சம்பந்தி புறப்பட்டாகிவிட்டது என்று தந்தி வந்தது. பெண்ணுக்கு ஜன்னி என்று அவருக்கு யாரும் எழுதவில்லை. எழுதினால் சீக்காளிப் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வருமாம். ஆகையால் பெண் வீட்டில், மனையில், குழந்தையோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மருந்து இன்னும் முடியவில்லை என்றார் டாக்டரம்மா. ஜுரம் முடிந்துவிட்டதே என்றார் வக்கீல். காய்ச்சல் இறங்கியதால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை; போலீஸ் தலை தெரிந்ததும் சாராயக்காரன் கடையைச் சாத்துவானே, அந்த மாதிரி பதுங்கியிருக்கும், போலீஸ் தெருமுனை திரும்பியதும் திறந்துவிடும் என்றார். வக்கீலுக்குச் சாராயக் கேசுகள் நிறைய வரும், அதனால் புரிந்துகொண்டார். வீட்டிலேயே ஒரு கம்பவுண்டரை வைத்து நேரம் தவறாமல் ஊசி போட்டுவிடுவதாகச் சத்தியம் பண்ணினார். மருந்தும் அவருடையது, பெண்ணும் அவருடையவள். பதினோராம் நாள் விடியற்காலை ஊசியைப் போட்டுவிட்டு டாக்டரம்மா குப்பிகளைக் கொடுத்தார். கூடவே என்னையும் அனுப்பினார். "அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே இரு சவரி. குளிருதுன்னு சொன்னா உடனே வா."

முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது சுலபம் என்றுதான் நானும் போனேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தீட்டு இருந்தவரை கோமளாவை அவள் வீட்டு மனுஷர்கள் யாரும் தொடமாட்டார்கள். தண்ணீர் கொடுப்பது, துடைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான். என் மதமும் ஜாதியும் அதுவரைக்கும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பதினோராம் நாள் காலையில் தலைக்கு ஊற்றி, மாவிலையால் தண்ணீர் தெளித்ததும் அவள் சுத்தமாகிவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து நான் அசுத்தமாகிவிட்டேன். மாமி என்னைக் கூப்பிட்டு, கோபமாக இல்லை, சாதாரணமாகவே சொன்னாள்: "ஆயா, நீ இனிமே கொல்லைப்புறத்துலயே இருந்துக்கோ. குழந்தை துணியெல்லாம் அங்க வந்துடும்." முகத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பப்பட்டவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹோமப் புகை அடங்கியதும் கம்பவுண்டர் வந்தான். பக்கத்து மருந்துக் கடை ஆள், நெற்றியில் பெரிய நாமம். ஊசியை எங்கே கொதிக்க வைக்கலாம் என்று என்னிடம் கேட்டான், கொல்லை அடுப்பில் வைத்துக் கொடுத்தேன். உள்ளே எடுத்துக்கொண்டு போனான். மாமி நடுவில் மறித்து, நல்ல நாளும் அதுவுமாக மனையில் உட்கார்ந்த பெண்ணைக் குத்தி ரத்தம் வர வைக்கக் கூடாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

கொல்லைக் கதவிலிருந்தே நான் சொன்னேன்: "டாக்டரம்மா மூணு மணிக்கு ஒருதரம்னு சொல்லிக்கினே இருந்தாங்களேம்மா."

"ஜுரமே இல்லாதவளுக்கு எதுக்குடி ஊசி?"

சாராயக் கடையைச் சொல்லிப் பார்த்தேன், ஹோமம் நடந்த வீட்டில் என்ன பேச்சு இது என்றாள் மாமி.

சம்பந்தி கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான தாசில்தார். வெள்ளை மீசை, காதில் கடுக்கன், மடியில் வெற்றிலைப் பெட்டி. ரயில் கரி தொண்டையில் இறங்கிவிட்டதென்று வந்ததிலிருந்து இருமிக்கொண்டிருந்தார். அவர் இருமும்போதெல்லாம் வக்கீல் எழுந்து நிற்பார். ஹைகோர்ட் ஜட்ஜே எதிரில் வந்தாலும் பயப்படாத மனுஷன், பெண்ணைக் கொடுத்த இடத்தில் அப்படி.

சம்பந்தி கம்பவுண்டரையும் பெட்டியையும் பார்த்தார். விசாரித்தார். பெண்ணுக்கு பலத்துக்காக ஒரு ஊசி என்று வக்கீல் மழுப்பினார். ஆனால் கம்பவுண்டர் வாய் சும்மா இருக்காமல், பென்சிலின், பட்டாளத்து மருந்து, கலெக்டருக்கே கிடைக்காது என்று பெருமையாக எடுத்து விட்டான். கலெக்டர் என்ற வார்த்தை தாசில்தாருடைய காதில் விழுந்துவிட்டது.

"பேஷ்" என்றார் சம்பந்தி. "பொண்ணுக்கு அமெரிக்கா மருந்து. ஆத்துக்கு வந்த மனுஷாளுக்கு மிளகு கஷாயம்."

அப்புறம் ஒரு இருமல்.

வக்கீல் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "உங்களுக்கில்லாததா?" என்றார். ஊசிக்காரனும் வந்தாகிவிட்டது, ஊசியும் கொதித்தாகிவிட்டது, பெண்ணோ இன்றைக்குப் போட்டுக்கொள்வதில்லை. கம்பவுண்டர் புதுக் குப்பி ஒன்றைக் கரைத்தான். சம்பந்தி மேல் வேஷ்டியை விலக்கி, இடது புஜத்தைக் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பூணூல் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு மரியாதையாக நின்றிருக்க மாட்டார்கள். குத்தியதும், "ஒண்ணுமே தெரியலியே, நல்ல கை" என்று கம்பவுண்டரைப் பாராட்டினார். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாத மருந்து, மூன்று மணிக்கு ஒருதரம் தொடர்ந்து போட்டுவிடுகிறேன் என்று வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா சொன்னதை அவர் மறக்கவே இல்லை, பாருங்கள். ஆள்தான் மாறிவிட்டது.

சாப்பாடு ஆயிற்று. இரண்டாவது ஊசியும் சம்பந்திக்கு ஆயிற்று. நல்ல வெயில். நான் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, கோமளா படுத்திருந்த அறையின் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கேட்டது. பல்லும் பல்லும் இடிக்கிற சத்தம். கிட்டே போனேன். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவர் ஓரமாகச் சுருண்டிருந்தாள். குழந்தை மாமியிடம் கூடத்தில் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"இன்னா கண்ணு பண்ணுது?" என்றேன்.

"குளுர்றது ஆயா. அம்மாகிட்ட சொல்லிடாதே."

"சொல்லாம?"

"மாமனார் வந்திருக்கார். சீக்குக்காரின்னு திருப்பி விட்டுட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அவா ஊருக்குப் போற வரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு இருந்துடறேன்."

பல்லைக் கடிக்கத்தான் முடியவில்லை அவளால். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகக் கூடாது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டேன், எட்டவில்லை. அவள்தான் மெதுவாக நகர்ந்து வந்து நெற்றியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் இருந்தது.

மாமியிடம் நான் சொல்லவில்லை. கோமளா கேட்டுக்கொண்டாளே. யாரிடமும் சொல்லாமல் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மாவிடம் போய்விட்டேன்.

டாக்டரம்மா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, யாருக்கு எத்தனை ஊசி என்று மட்டும் திரும்பக் கேட்டார். கையைக் கழுவினார். பையை எடுத்துக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினார்.

வீட்டு வாசலிலேயே கூக்குரல். உள்ளே ஓடினால் எல்லாரும் ஊஞ்சலைச் சுற்றி நிற்கிறார்கள். எனக்குச் சம்பந்தியை அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிவிட்டது. உதடு தடித்து மீசையை மேலே தூக்கிவிட்டது. மார்பு, முதுகு எல்லாம் சிவப்புத் தடிப்பு. சொறிந்துகொள்ள இரண்டு கை போதாமல் ஊஞ்சல் சங்கிலியில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விசில் அடித்தது. கம்பவுண்டர் தூணுக்குப் பின்னால் நின்றான்.

வக்கீல் ஓடிவந்து டாக்டரம்மாவின் எதிரில் கையைக் கூப்பினார். "தெய்வம் மாதிரி வந்தேள். ஆள் அனுப்பறதுக்குள்ள வந்துட்டேள்." சம்பந்திக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

டாக்டரம்மா பையைத் திறந்து முதலில் சம்பந்திக்குத்தான் ஒரு ஊசி போட்டார். அட்ரினலின். மூச்சு அடைத்துப் போகிற மனுஷனை விட்டுவிட்டுப் போக முடியாதே. மருந்து வேகத்தில் சம்பந்திக்கு நெஞ்சு படபடத்தது, ஆனால் விசில் மெல்ல அடங்கியது. பிறகு டாக்டரம்மா தூணைப் பார்த்துத் திரும்பினார்.

"தாங்கள்தான் பென்சிலின் போட்டீர்களா?"

நான் எலெக்ட்ரிக்காரனுடைய ஏணியை நினைத்துக்கொண்டேன். கம்பவுண்டருக்கு விவரம் தெரியாது, பாவம். ஆமாம், நானேதான் என்று ஒரு அடி முன்னால் வந்தான்.

"எதற்காகப் போட்டீர்கள் என்று தாங்கள் எனக்குச் சொல்லித் தந்தால் உபகாரமாக இருக்கும்."

இருமலுக்கு என்றான். இதற்குள் வக்கீல் குறுக்கே வந்து, நல்ல மருந்துதானே, இப்படி ஏன் ஆச்சு என்று கேட்டார். சிலர் உடம்புக்கு இது ஆகாது, யாருக்கு ஆகாதென்று குத்திப் பார்க்கிற வரை தெரியாது, அதனால்தான் வேண்டியவர்களுக்கு மட்டும் போடுவது என்றார் டாக்டரம்மா. மிச்சக் குப்பி எங்கே என்றார்.

வக்கீல் தயங்கினார். குரலைத் தாழ்த்தி, சம்பந்திக்கென்று எடுத்து வைத்தாகிவிட்டதே, நடுவில் நிறுத்தக் கூடாதென்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் பதில் சொன்னது அவரல்ல. ஊஞ்சலிலிருந்து, கண்ணைத் திறக்க முடியாமலே, சம்பந்தி கத்தினார்: "அந்த விஷத்தை முதல்ல இந்தாத்தை விட்டு எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ!"

அவ்வளவுதான். குப்பிகள் எங்கள் கைக்கு வந்துவிட்டன.

அதற்கப்புறம்தான் டாக்டரம்மா கோமளாவின் அறைக்குள் போனார். நானும் போனேன், யாரும் தடுக்கவில்லை. வயிறு மறுபடி கல்லாகியிருந்தது. என்னைப் பார்த்து, "சொல்லிட்டியா ஆயா?" என்றாள். உங்க அம்மாகிட்ட சொல்லலை கண்ணு என்றேன். மாமி வாசற்படியில் நின்று அழுதாள். தலைக்கு ஊற்றியதால் வந்ததா என்று கேட்டாள். குளியல் ஒன்றும் பண்ணாது, ஊசியை நிறுத்தினீர்களே அதுதான் என்றார் டாக்டரம்மா. காரில் ஏற்றி நர்சிங் ஹோமுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். சம்பந்தி அப்போது முகத்தில் ஈரத் துணியோடு படுத்திருந்தார். மாட்டுப்பெண் படுத்த படுக்கையாகப் போவதைப் பார்க்கக் கண் திறக்கவில்லை அவருக்கு.

இந்தத் தடவை மருந்து சுலபத்தில் கேட்கவில்லை. அளவைக் கூட்டினார் டாக்டரம்மா. கோமளா பிதற்றினாள், என்னை மாமியார் என்று நினைத்து வாங்கோ வாங்கோ என்றாள். மற்றவர்களைத் தூங்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு ஊசியையும் டாக்டரம்மாவே போட்டார். ஒவ்வொரு குப்பியாகத் தீர்ந்துகொண்டே வந்தது. கம்பவுண்டர் கரைத்து வீணாக்கிய அந்த ஒரு குப்பியை நினைத்து நான் ஜெபமாலை உருட்டினேன். சம்பந்தி உடம்பு மட்டும் ஒத்துழைத்திருந்தால் மிச்சம் எல்லாமே இருமலுக்கு இறங்கியிருக்கும். சம்பந்தி மரியாதையில் வக்கீல் ஒரு சொட்டுக்கூடக் குறை வைத்திருக்க மாட்டார்.

கடைசிக் குப்பியில் காய்ச்சல் விட்டது. விட்ட பிறகும் குப்பியைத் துடைத்தெடுத்துப் போட்டு முடித்தார். இந்த முறை நாள் கிழமை பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தியின் முகம் பழைய அளவுக்கு வந்ததும் ஊருக்குப் புறப்பட்டார். அதற்குள் விஷயம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று வக்கீல் நடுங்கினார். அவரோ இரண்டு நாள் யோசித்து, அந்தச் சங்கதியை வேறு மாதிரி தைத்துக்கொண்டார். புது மருந்தாயிற்றே, மாட்டுப்பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன பண்ணுவது என்று முதலில் தன் உடம்பில் போட்டுப் பார்த்தாராம். தாங்கவில்லையாம். தாங்காவிட்டால் போகிறது, அவள் சின்னப் பெண், தாங்குவாள் என்று மிச்சத்தை விட்டுக் கொடுத்தாராம். மயிலாப்பூரிலேயே நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

அடுத்த வருஷம் தன் தம்பி பூணூலுக்குக் கோமளா வந்திருந்தாள். உடம்பு தேறி, கன்னம் பூசியிருந்தது. டாக்டரம்மாவைப் பார்க்கக் குழந்தையோடு வந்தவளுக்குத் துணையாகச் சம்பந்தியும் வந்தார். டாக்டரம்மா உள்ளே வேலையாக இருந்தார். சம்பந்தி வாசல் வராந்தாவில், காத்திருந்த நோயாளிகள் நடுவில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டார். நான் கோமளாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், இந்தக் கிழவர் இன்னாம்மா இப்படிப் புளுகுறாரு, நான் போய் நடந்ததைச் சொல்லட்டுமா என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஆயா. மாமியார் என்னை ஒரு சொல் சொன்னா, மாமனார் 'நான் உசிரைக் குடுத்துக் காப்பாத்தின பொண்ணு, அவளை யாரும் ஒண்ணும் சொல்லப்படாது'ன்னு எழுந்து வந்துடறார். ஜன்னி வந்தவள்னு இதுவரைக்கும் அந்தாத்துல ஒருத்தர் வாயைத் திறக்கலை. இந்தக் கதை இருக்கற வரைக்கும் எனக்கு அங்க ஒரு குறையும் இல்லே."

வராந்தாவிலிருந்து சம்பந்தி என்னைப் பார்த்துவிட்டார். "இதோ, இந்த ஆயாவே பார்த்திருக்கா. கேளுங்கோ. ஏம்மா, அன்னிக்கு என் மூஞ்சி எப்படி இருந்தது, சொல்லு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோமளா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள், அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"பறங்கிக்காய் மாதிரி வீங்கிக் கெடந்துச்சுங்க சாமி" என்றேன். "கண்ணு தெரியலை. மூச்சு விசில் அடிச்சுது. அந்த நேரத்துல நீங்க அந்த மருந்தை விட்டுக் குடுக்கலைன்னா, இந்தப் பொண்ணு இன்னிக்கு இங்க நின்னுக்கினு இருக்காது."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவரும் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார்.